வீட்டு ஷ்ரெட்டர்: காகிதத்தை எந்தப் பக்கமாக விடுகிறீர்கள்?

சம்பளப் பிரிவில் வேலை செய்பவள் நான். புதிதாகச் சேருகிறவர்களின் அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு எண், பிறந்த தேதி, முகவரி, கையெழுத்து எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகும். இத்தனையும் ஒரே உறைக்குள் ஒருவன் கையில் சிக்கினால், அந்த ஆளின் பெயரில் சிம் வாங்கலாம், கடனுக்கு விண்ணப்பிக்கலாம், வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு "நான்தான் பேசுகிறேன்" என்று சொல்லி, கேட்கிற கேள்விக்கெல்லாம் தடுமாறாமல் பதிலும் சொல்லலாம். அதனால் வேலை முடிந்த காகிதம் எதுவும் எங்கள் அறையை விட்டு முழுசாக வெளியே போகாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு ஷ்ரெட்டர், அதாவது காகிதத்தை நறுக்கும் இயந்திரம், அதற்காகவே அங்கே நிற்கிறது.

வீட்டுக்கும் ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு வந்தது அப்பாவால். முதல் மாதச் சம்பளச் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் கோப்பு போட்டு வைத்திருப்பவர் அவர். பீரோவில் இடம் வேண்டும் என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். "எடுத்துப் போட்டுடலாம்ப்பா" என்றால், "போடலாம்மா, ஆனா அதுல என் கையெழுத்து இருக்கே" என்பார். சாக்குப்போக்கு என்பது அம்மாவின் தீர்ப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கை மூடி எத்தனை வருஷம் ஆனாலும், அந்த அறிக்கையில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் கையெழுத்தும் காலாவதி ஆவதில்லை. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற முடியாது.

வாங்கியது நடுத்தர அளவில், குறுக்கு வெட்டு வகை: காகிதத்தை நீளப் பட்டையாக மட்டும் விடாமல் குறுக்கேயும் வெட்டும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கீழே சில குறைகளைச் சொல்லப்போகிறேன். தவிர, ஏறக்குறைய இதே அமைப்பில் வேறு வேறு பெயர்களிலும் கிடைக்கிறது. பெயரைவிட, அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். என்னுடையதில் இருந்தவை: பி-4, 4×40 மி.மீ., ஒரே தடவையில் 10 தாள், தொடர்ந்து 5 நிமிடம் ஓட்டலாம், பிறகு 30 நிமிடம் ஓய்வு.

இதில் முதலில் பார்க்க வேண்டியது அந்த "பி" (ஆங்கில P). டிஐஎன் 66399 என்ற ஜெர்மன் தரநிலை 2012-இல் காகிதத்துக்கு பி-1 முதல் பி-7 வரை ஏழு படிகள் வகுத்தது. பிறகு அது ஐஎஸ்ஓ/ஐஇசி 21964 என்ற எண்ணோடு சர்வதேசத் தரமாகவும் ஆனது. பி-2 என்றால் 6 மி.மீ. அகலத்துக்குள் நீள நீளமான பட்டைகள். பி-4 என்றால் ஒரு துண்டின் பரப்பு 160 சதுர மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பி-5 என்றால் 30. பி-7 என்றால் வெறும் 5. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஓர் ஏ4 தாள் பி-2 இயந்திரத்தில் 35 பட்டையாகிறது. பி-4-இல் ஏறக்குறைய 390 துண்டு, பி-5-இல் இரண்டாயிரத்துக்கு மேல், பி-7-இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார், கிழிச்சிடும்" என்று பட்டை வெட்டும் சின்ன இயந்திரத்தை நீட்டினால், இந்த 35-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 35 பட்டையைப் பொறுமையுள்ள எவரும் ஒரு சாயங்காலத்தில் ஒட்டிவிடலாம்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் ஒரு பழைய கதை. 1979-இல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, உள்ளே இருந்தவர்கள் அவசர அவசரமாக ரகசிய ஆவணங்களை ஷ்ரெட்டரில் போட்டார்கள். தூதரகத்தைக் கைப்பற்றியவர்கள், பட்டை பட்டையாகக் கிடந்ததைக் கம்பளம் நெய்பவர்களை வைத்து இழை சேர்ப்பதுபோல் ஒட்டவைத்து, அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டே வெளியிட்டுவிட்டார்கள். சரி, குறுக்கு வெட்டு என்றால் தப்பித்துவிடலாமா என்றால், 2011-இல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா அதற்கும் ஒரு போட்டி வைத்தது. ஐந்து ஆவணங்களை நறுக்கி, மொத்தம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக்கி, சேர்த்துக் காட்டுபவருக்கு 50,000 டாலர் என்று அறிவித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு குழு 33 நாளில் முடித்துவிட்டது. எந்தத் துண்டோடு எது சேரலாம் என்று மென்பொருள் பரிந்துரைக்கும், சரியா தப்பா என்று மனிதக் கண் பார்க்கும். அப்படிச் செய்தும் ஏறக்குறைய 600 மணி நேர உழைப்பு ஆனதாம்.

அப்பாவின் பழைய மின்கட்டண ரசீதுக்காக யாரும் 600 மணி நேரம் உட்காரப்போவதில்லை. குப்பையைக் கிளறுகிறவனுக்கு வேண்டியது சுலபமாகக் கிடைப்பது. பக்கத்துப் பையில் கிழிக்காத கடிதம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதனால் வீட்டுக்கு பி-4 போதும் என்று முடிவு செய்தேன், இன்றும் அதே கருத்துதான். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அது பெட்டியில் போடவில்லை, கையேட்டிலும் இல்லை.

முதல் நாள் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி துண்டை அள்ளி மேசையில் பரப்பிப் பார்த்தேன். பெரும்பாலான துண்டுகளில் இரண்டு எழுத்து, மூன்று எழுத்து, அதுவும் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சம்பந்தமில்லாத வரிகளிலிருந்து. ஒன்றும் புரியவில்லை, நல்லது. ஆனால் நடுவில் சில துண்டுகளில் முழு வார்த்தைகளே இருந்தன. ஒன்றில் ஒரு கணக்கு எண் முதல் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கம் வரை, குண்டூசி முனை அளவுகூடச் சேதாரம் இல்லாமல் படுத்திருந்தது. ஒரே இயந்திரம், ஒரே பிளேடு, எப்படி இரண்டு விதமாக வரும்?

விஷயம் அளவில் இருக்கிறது. சாதாரணமாக அச்சாகும் 10 பாயின்ட் எழுத்தில் ஓர் இலக்கத்தின் அகலம் ஏறக்குறைய 2 மி.மீ., உயரம் 3 மி.மீ.க்கும் குறைவு. 16 இலக்கங்களை இடைவெளியோடு வரிசையாக வைத்தால் 34 மி.மீ.தான் வரும். துண்டின் நீளம் 40 (காகிதம் உள்ளே போகும் திசையில்), அகலம் 4. வரி துண்டின் நீளவாக்கில் விழுந்தால் முழு எண்ணும் ஒரே துண்டில் சௌகரியமாக உட்கார்ந்துவிடும். வரி குறுக்காக விழுந்தால் 4 மி.மீ.யில் இரண்டு இலக்கம்தான் நிற்கும். ஆகவே பி-4 இயந்திரத்தின் பாதுகாப்பு பாதி பிளேடில் இருக்கிறது, மீதிப் பாதி நீங்கள் காகிதத்தைப் பிடிக்கும் கோணத்தில் இருக்கிறது. அச்சான வரிகள் இயந்திரத்தின் வாய்க்கு இணையாக இருக்க வேண்டும். அதாவது கடிதத்தைப் படிக்கிற மாதிரி நேராகப் பிடித்து, தலைப்பக்கத்தையோ அடிப்பக்கத்தையோ உள்ளே விட வேண்டும்.

சாதாரணக் கடிதம் என்றால் இது தானாகவே நடந்துவிடுகிறது. சிக்கல், படுக்கைவாட்டில் அச்சடித்த தாள்களில்தான்: கடன் தவணை அட்டவணை, காப்பீட்டுக் கணக்கு, வரி விவரப் பட்டியல் போன்றவை. இயந்திரத்தின் வாய் 22 செ.மீ. அகலம்தான் என்பதால் அவற்றைக் குறுகிய பக்கமாகத்தான் விட முடியும். அப்படி விட்டால் ஒவ்வொரு வரியும் ஒரு ரிப்பன். நான் செய்வது, அந்தத் தாளை நடுவில் ஒரு மடிப்பு மடித்து, வரிகள் வாய்க்கு இணையாக வருமாறு திருப்பி விடுகிறேன். மடிப்பில் தடிமன் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். காசோலை, சின்னச் சீட்டு, அஞ்சலட்டை அளவில் வருபவை எல்லாம் எந்தப் பக்கமாகவும் வாயில் நுழைந்துவிடும் என்பதால் இரண்டு விநாடி நின்று பார்த்து விடுவது நல்லது. பி-5 வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பெருமளவு குறையும். 2×15 மி.மீ. துண்டில் எப்படி விட்டாலும் முழு எண் அடங்காது. பதிலுக்கு, அது ஒரே தடவையில் எடுக்கும் தாள் குறைவு, மெதுவாக ஓடும், எண்ணெய் அதிகம் கேட்கும், தொட்டியைக் காலி செய்யும்போது தூசியும் பறக்கும்.

10 தாள் என்று போட்டிருப்பதை நம்பிப் பத்தையும் ஒன்றாகச் சொருக வேண்டாம். அந்தக் கணக்கு மெல்லிய காகிதத்துக்கு, அதுவும் புதுப் பிளேடுக்கு. அலுவலகக் கடிதங்கள் தடித்த தாளில் வருகின்றன. ஆறு, ஏழு என்றால் இயந்திரம் முனகாமல் ஓடுகிறது. எட்டில் குரல் மாறும். மூன்றாக மடித்த கடிதத்தை உறையோடு சேர்த்து அப்படியே விட்டால் அது ஒரு தாள் அல்ல, ஐந்து. உறையின் ஜன்னல் பிளாஸ்டிக்கும் அதில் சேர்த்தி. ஸ்டேப்ளர் பின்னை இது தின்றுவிடுகிறது, ஜெம் கிளிப்பைத் தின்னாது. ஆனால் பின் கலந்த துண்டுகளை யாரும் மறுசுழற்சிக்கு ஆசையாக எடுக்கமாட்டார்கள், அதனால் நான் பிடுங்கிவிடுவேன். காகிதம் சிக்கினால் ரிவர்ஸ் பட்டன் இருக்கிறது. பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம் என்று ஆட்டினால் வந்துவிடும். கையால் பிடித்து இழுப்பதானால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இழுங்கள்.

ஓய்வு நேரம் விஷயத்தில் கொஞ்சம் கடுப்புதான். 5 நிமிடம் ஓடினால் 30 நிமிடம் ஆற வேண்டும் என்பது விளம்பரத்தில் தெரியாது, பீரோவைக் காலி செய்ய உட்கார்ந்தால்தான் தெரியும். மோட்டார் சூடாகிவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து தானாகவே நின்றுவிடும். பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் பயனில்லை. ஒரேயடியாக ஒரு பீரோ காகிதம் என்றால் இது அதற்கான இயந்திரமே இல்லை. மொத்தமாக எடுத்துப்போய்க் கண்ணெதிரே நறுக்கிக் கொடுக்கும் சேவை கிடைக்கிற ஊரில் அதைப் பார்க்கலாம். தினமும் வருகிற தபாலை அன்றைக்கன்றே முடிப்பதற்கு இது சரியான அளவு. அப்பா இப்போது ஒரு தடவைக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறார். இயந்திரம் ஆறும் நேரத்தில் அடுத்த கோப்பைப் படித்துப் பார்க்கிறார், அதுதான் வேலை நீளுவதற்கு உண்மையான காரணம்.

எண்ணெய் விடாமல் பெரும்பாலான குறுக்கு வெட்டு இயந்திரங்கள் ரொம்ப நாள் தாங்காது. வாயில் நேரடியாக ஊற்றுவதைவிட, ஒரு தாளில் குறுக்கும் நெடுக்குமாக எண்ணெயை இழைத்து அதை உள்ளே விட்டால் பிளேடுகளில் சீராகப் பரவுகிறது. பிறகு சில விநாடி ரிவர்ஸில் ஓட்ட வேண்டும். தொட்டியைக் காலி செய்யும்போதெல்லாம் இதைச் செய்தால் போதும். அழுத்தமாகச் சொல்ல வேண்டிய ஒன்று: கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எண்ணெய், தூசி ஊதும் கேன் எதையும் இதில் அடிக்காதீர்கள். அவற்றில் இருக்கும் வாயு எளிதில் தீப்பிடிக்கும், மூடிய தொட்டிக்குள் தேங்கி நின்று மோட்டார் பொறியில் பற்றிக்கொள்ளும். கையேட்டில் ஒரு சின்னப் படம் இருந்தது, தமிழில் ஒரு வரிகூட இல்லை.

சென்சார் வாயின் நடுவில் மட்டும் இருக்கிறது. ஏடிஎம் சீட்டு, கடை பில் போன்ற ஒல்லிக் காகிதத்தை ஓரமாக விட்டால் இயந்திரம் கண்டுகொள்ளாது, நடுவில் விட வேண்டும். சத்தம் மிக்ஸி அளவுக்கு இருக்கும், தூங்குகிறவர் இருக்கும் அறையில் ஓட்ட முடியாது. குழந்தையோ நாயோ பூனையோ உள்ள வீட்டில், தானாகத் தொடங்கும் நிலையில் விட்டுவிட்டு நகரவே கூடாது. வாய் குறுகல்தான், ஆனால் சின்ன விரலுக்கு அது குறுகல் இல்லை. எங்கள் வீட்டில் விதி, வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்குவது.

இப்போது என் பெரிய புகார். மேலே காலாவதியான கிரெடிட் கார்டுகளுக்கு என்று தனி வாய் கொடுத்திருக்கிறார்கள். அதன் அகலம் கார்டின் குறுகிய பக்கத்துக்குத்தான் சரியாக இருக்கிறது. கார்டின் அளவு 85.6×54 மி.மீ., எண் அச்சாகியிருப்பது நீளவாக்கில். குறுகிய பக்கமாக விட்டால் பிளேடு எண்ணுக்கு இணையாக ஓடுகிறது. மேலே காகிதத்துக்குச் சொன்ன அதே கோளாறு, இங்கே அதைத் தவிர்க்கவும் வழியில்லை. பழைய கார்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது எண் அழகாக இரண்டே துண்டில் கிடைத்தது. புடைப்பு எழுத்து இருந்த காலத்தில் இலக்கம் பெரிது, 4 மி.மீ. பட்டையில் அடங்காமல் வெட்டுப்படும். இன்றைய கார்டுகள் பலவற்றில் பின்பக்கம் பொடியாக அச்சடிக்கிறார்கள், பட்டைக்குள் அப்படியே தங்கிவிடுகிறது. இதை யோசித்துச் செய்த மாதிரி தெரியவில்லை. இன்னொன்று, பெட்டியில் போட்டிருக்கும் பி-4 காகிதத்துக்கு மட்டும்தான். அதே தரநிலையில் காந்தப் பட்டைக்கு "டி", சிப்புக்கு "இ", சிடிக்கு "ஓ" என்று தனித்தனி எழுத்துகள் உண்டு. "கார்டும் நறுக்கும்" என்று படம் போட்டுவிட்டு அந்த எழுத்துகளில் எதையும் போடாமல் இருந்தால், எந்த அளவுக்கு நறுக்கும் என்று அவர்கள் உறுதி சொல்லவில்லை என்று அர்த்தம். நான் கார்டைக் கத்தரிக்கோலால் முதலில் சிப்பின் நடுவிலும் எண்ணின் குறுக்கேயும் வெட்டி, பிறகே வாயில் போடுகிறேன். அப்படியானால் இந்த வாய் எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எதைப் போட வேண்டும், எதை விடலாம் என்பதில் ஆளுக்கொரு கொள்கை. பெயரும் முகவரியும் மட்டும் உள்ள விளம்பரத் தபாலை நறுக்குவது மின்சாரச் செலவு என்பது என் கருத்து. இரண்டு விவரம் சேர்ந்து வந்தால் நறுக்க வேண்டும்: பெயரோடு பிறந்த தேதி, பெயரோடு கணக்கு எண், எதோடு வேண்டுமானாலும் கையெழுத்து. "உங்களுக்குக் கடன் அனுமதிக்கப்பட்டுவிட்டது" என்று வரும் கடிதங்கள் கட்டாயம் உள்ளே போக வேண்டும். நாம் குப்பை என்று நினைப்பதை நிரப்பி அனுப்ப ஒருவன் காத்திருப்பான். யாரும் யோசிக்காத ஒன்று விமானத்தின் போர்டிங் பாஸ். அதில் இருக்கும் முன்பதிவு எண்ணும் பெயரும் போதும், விமான நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தப் பயணத்தைத் திறந்து பார்க்க. எண்ணை மறைத்தாலும் கட்டம் கட்டமான அந்தக் குறியீட்டில் அது படிக்கும் வடிவில் இருக்கிறது. மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை இவற்றையும் விடுவதில்லை.

பார்சல் மேல் ஒட்டிவரும் லேபிளை மட்டும் இயந்திரத்தில் போடக் கூடாது, பசை பிளேடில் ஒட்டி நாசம் செய்துவிடும். பெரும்பாலான லேபிள்கள் வெப்பக் காகிதம். இஸ்திரிப் பெட்டியை மேலே ஒரு தேய்ப்புத் தேய்த்தால் பெயர், போன் நம்பர் எல்லாம் கறுத்துப்போகும். அதைப் பார்ப்பதே ஒரு திருப்தி.

இதை வாங்குவதற்கு முன் மலிவான வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். உருட்டினால் எழுத்துக்குவியலை அச்சடித்து மறைக்கும் ரோலர் முத்திரை இருக்கிறதே, அது கைக்கு அடக்கம், முகவரியை மறைக்கப் பரவாயில்லை. ஆனால் லேசர் பிரின்டரின் வழவழப்பான எழுத்தின் மேல் மை சரியாக நிற்கவில்லை, சாய்த்துப் பிடித்தால் அடியில் உள்ளதைப் படிக்க முடிந்தது. கறுப்பு மார்க்கருக்கும் இதே கதி. ஐந்து பிளேடு சேர்ந்த கத்தரிக்கோல் ஒன்று விற்கிறார்கள், நாலு கடிதத்துக்கு மேல் கை வலிக்கும். வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குவது உண்மையில் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அந்தக் கூழைப் பிறகு என்ன செய்வது என்று அம்மா கேட்டதோடு அந்தத் திட்டம் முடிந்தது.

இதை வாங்கினால் அடையாளத் திருட்டுக்குப் பூட்டு போட்டாயிற்று என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். 2017-இல் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரம் போயிற்று. யாரும் யாருடைய குப்பைத் தொட்டியையும் கிளறவில்லை. நம் பெயரில் புதுக் கடன் திறக்க முடியாதபடி கடன் பதிவை முடக்கி வைக்கும் வசதி உள்ள நாட்டில் இருந்தால், ஷ்ரெட்டருக்கு முன்னால் அதைச் செய்யுங்கள், பலன் அதிகம். அப்புறம், நம் வீட்டுக் காகிதத்தைவிட நாம் வெளியே கொடுத்த நகல்கள்தான் அதிகம். விடுதி வரவேற்பறையில், சிம் கடையில், வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் கொடுத்தவை எந்த இழுப்பறையில் கிடக்கின்றனவோ. அவற்றை என் இயந்திரம் தொட முடியாது. கொடுக்கும்போதே நகலின் குறுக்கே, முகத்தின் மேலும் எண்ணின் மேலும் ஓடுமாறு, இன்ன வேலைக்கு மட்டும், இன்ன தேதி என்று பேனாவால் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் பிரிவுக்கு அப்படி எழுதிக் கொடுப்பவர்கள் மிகச் சிலர். யாரும் அதை மறுத்ததில்லை. கேட்டால் எழுதிக் கொடுக்கச் சொல்லும் முதல் ஆள் நான்தான்.

நறுக்கிய பிறகு அந்தத் துண்டுகளை என்ன செய்வது என்பதும் ஒரு பிரச்சினை. பழைய காகிதம் என்று கொடுத்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைப்போம். நார் வெட்டுப்பட்டுக் குட்டையாகிவிடுவதாலும், தரம் பிரிக்கும் இயந்திரத்தின் இடுக்குகளில் விழுந்துவிடுவதாலும் பல மறுசுழற்சி நிலையங்கள் நறுக்கிய காகிதத்தை வாங்குவதில்லை. பளபளப்பில்லாத சாதாரணத் தாள் என்றால் மட்கும் உரக் குழியில் ஈரக் கழிவோடு கலந்து போடலாம். கடை பில்லின் வெப்பக் காகிதத்தில் ரசாயனப் பூச்சு உண்டு, அதை அதில் சேர்க்காதீர்கள். அதனால் பில்களைத் தனியாக, கடைசியாக நறுக்குகிறேன். உடைபடக்கூடிய பொருளைக் கட்டி அனுப்ப இந்தத் துண்டுகளைத் திணிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நமது கணக்கு எண்ணை நாமே அஞ்சலில் அனுப்பிவைக்கும் வேலை அது.

தொட்டியைக் காலி செய்வது இந்த மாடலில் ஒரு தண்டனை. மோட்டார் உள்ள மேல்பாகம் முழுவதையும் இரண்டு கையாலும் தூக்கி எங்காவது வைக்க வேண்டும். தூக்கும்போது பிளேடில் தொங்கிக்கொண்டிருக்கும் துண்டுகள் தரையெல்லாம் கொட்டும், வைத்த இடத்திலும் கொட்டும். அப்பாவால் அதைத் தூக்க முடியாது, அதனால் நான் வரும்வரை நிரம்பியே இருக்கும். நிரம்பிய பிறகும் ஓட்டினால் துண்டுகள் மேலேறிப் பிளேடில் சுற்றிக்கொள்கின்றன. சிக்கலில் பாதி அதனால்தான் வருகிறது. அடுத்தது வாங்கும்போது கீழே இழுப்பறை மாதிரி வெளியே வரும் தொட்டி உள்ளதாகத்தான் பார்ப்பேன். கடைக்குப் போகும்போது காலாவதியான கார்டு ஒன்றைக் கையோடு எடுத்துப்போய், நீளப் பக்கமாக அந்த வாயில் நுழைகிறதா என்று அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வேன்.